எரியாத மஞ்சள் கல்

சின்னமல்லன்குளம்,
கடம்பூர் வழி.
3 ஜூன் 2024

செல்விக்கு,

அண்ணன் வன்னியபெருமாள் எழுதுவது. சுகம் விசாரித்து எழுதுகிற நிலைமையில் நாம் ரெண்டு பேரும் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மேலக்காட்டுக் கிணற்றை இந்தக் கோடையில் ஆழப்படுத்தினேன். மூன்று வருஷமாகத் தண்ணீர் தட்டி, பருத்தியும் போச்சு, மக்காச்சோளமும் போச்சு. எழுபது அடிக்குக் கீழே ஒரே பாறை. வெடி வைத்து இறக்கினோம். எண்பதாவது அடியில் வெள்ளைக்கல் ஓட்டம் ஒன்று குறுக்கே வந்தது. அதன் வெடிப்பிலெல்லாம் மஞ்சளாக என்னவோ பூத்திருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் ஊசி ஊசியாகக் கொத்துக் கொத்தாக நிற்கிறது. நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்கிறது. தண்ணீரும் அந்த இடத்தில்தான் ஊறுகிறது. மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அந்தத் தண்ணீர்தான்.

பார்த்தவர்கள் எல்லாம் கந்தகம் என்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பாலகணேஷ் அண்ணாச்சி மட்டும் ஒரு துண்டை வாங்கித் தீயில் போட்டுப் பார்த்தார். எரியவில்லை. நெடியும் இல்லை. “ரொம்பக் காலம் தண்ணிக்குள்ள கெடந்திருக்குல்லா, ஊறிப் போயிருக்கும். காய வச்சா சரியாயிரும்” என்று சொல்லுதார். நாற்பது வருஷம் கந்தகத்தோடு கிடந்த மனுஷன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

கேட்கிற காரணம் இது. என் மகள் வள்ளிமயில், நீ போன பிறகு பிறந்தவள், எட்டு வயசு. ரெண்டு மாசமாக உடம்பெல்லாம் சிரங்கு. ராத்திரி பகல் சொறிந்து ரத்தம் வருகிறது. ஆஸ்பத்திரிக் களிம்பு நாலு டியூப் தீர்ந்தாச்சு. கந்தகத்தை நுணுக்கித் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் ஆறும் என்பது நம் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேலுத்தாய், “உங்க தங்கச்சி கல்லைப் பத்தித்தான படிச்சிருக்காவ, ஒரு வார்த்தை கேளுங்க. படிச்சவிய சொன்னா நான் பூசுதேன்” என்று பிடிவாதமாக நிற்கிறாள். உன் ஆபீஸ் விலாசத்தை ராதாமணி டீச்சரிடம் வாங்கினேன். கல்லையும் இதோடு வைத்திருக்கிறேன்.

கந்தகம்தானா என்று மட்டும் எழுது. போனில் பேச எனக்கு இஷ்டமில்லை.

வன்னியபெருமாள்

*

பெங்களூர்,
15 ஜூன் 2024

அண்ணன் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. கந்தகம்தான். தீப்பெட்டி ஊரில் மஞ்சளாக இருப்பது வேறு என்னவாக இருக்கும். தாராளமாகப் பூசச் சொல்லுங்கள்.

பத்து வருஷம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் பிரித்தேன். ஒரு கல்லுக்காக எழுதியிருக்கிறீர்கள். அம்மா இறந்தபோது எழுதத் தோன்றாத கை இப்போது சிரங்கு மருந்துக்கு எழுதுகிறது. அம்மாவை எரித்துக் காடாற்றிய பிறகு, மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை. பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்கு அது போதாதா?

இனி இப்படிப்பட்ட சந்தேகங்களுக்கு எனக்கு எழுத வேண்டாம். ஊரில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இசக்கிச்செல்வி

*

பெங்களூர்,
8 ஜூலை 2024
விரைவுத் தபால்

அண்ணே,

இதைக் கையில் வாங்கினதும் முதலில் ஒரு காரியம் செய். அந்த எண்ணெயைப் பிள்ளை மேல் பூசாதே. மிச்சம் இருப்பதைக் கீழே கொட்டாமல், அம்மிக் குழவியைத் தொடாமல், அப்படியே மூடி வை. அந்தக் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கக்கூடாது, காய்ச்சியும் குடிக்கக்கூடாது. இதைச் செய்துவிட்டு மேற்கொண்டு வாசி.

அது கந்தகம் இல்லை.

ராதாமணி டீச்சரிடம் உன் நம்பரை வாங்கி நேற்று முழுக்க அடித்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அப்புறம் மணி அடிக்கவே இல்லை. மதினி நம்பரும் அப்படித்தான். டீச்சர் உன் வீட்டுக்கு நேரில் வந்தபோது, “அவ பேச்சை என் வாசல்ல எடுக்காதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் நீ இந்தக் கடிதத்தை நம்பமாட்டாய். பார்சலுக்குள் நீ வைத்திருந்த கல் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. உன் கடிதத்தையும் முழுதாகப் படிக்கவில்லை. அங்கங்கே நாலு வரி பார்த்தேன், கோபம் வந்தது, நூல் சுற்றின பொட்டலத்தை அப்படியே மேஜை டிராயரில் எறிந்துவிட்டு உனக்கு அந்தப் பதிலை எழுதினேன். மூன்று வாரம் அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

போன சனிக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சு அளக்கும் சோதனை நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சும்மா பேருக்கு நடக்கும். கருவியைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என் மேஜையைத் தாண்டும்போது அது படபடவென்று தட்ட ஆரம்பித்தது. டிராயரைத் திறந்ததும் எல்லாரும் என்னைப் பின்னால் இழுத்தார்கள். பொட்டலத்தின் மேல் உன் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைத் தேடி எடுத்து முழுக்கப் படித்தேன். தீயில் போட்டால் எரியவில்லை என்று நீ தெளிவாக எழுதியிருக்கிறாய். எரியாத கந்தகம் உலகத்தில் உண்டா? கோவில்பட்டியில் பிறந்த சின்னப்பிள்ளைக்குத் தெரியும். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால்கூடப் போதும்.

எங்கள் வேலையில் ஒரு கல்லை இன்னது என்று சொல்ல ஒரு முறை இருக்கிறது. நிறத்தை யாரும் நம்பமாட்டோம். மஞ்சளாக நூறு கல் உண்டு. முதலில் இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டினோம், மங்கலாகப் பச்சை அடித்தது. அமிலத்தில் போட்டோம், கரைந்து கஞ்சி ஆடை போலக் கொழகொழப்பாக நின்றது. அப்படி நின்றால் அதற்குள் சிலிக்கா இருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் எக்ஸ்ரே வைத்து அணுக்கள் அடுக்கியிருக்கிற விதத்தைப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. அதன் பெயர் யுரேனோஃபேன்.

மணல், களிமண், நம் வீட்டு அம்மிக்கல் எல்லாம் சிலிக்கேட் என்கிற பெரிய குடும்பம். அதில் யுரேனியம் சேர்ந்த சின்னக் கிளை ஒன்று உண்டு. யுரேனியமும் சிலிக்கானும் என்ன அளவில் சேர்ந்திருக்கின்றன என்பதை வைத்து அதையும் கூட்டம் கூட்டமாகப் பிரிப்போம். ரெண்டும் சரிசமமாக இருக்கிற கூட்டத்தில், கூடவே மக்னீசியம் இருந்தால் ஒரு பெயர், பொட்டாசியம் இருந்தால் ஒரு பெயர், கால்சியம் இருந்தால் யுரேனோஃபேன். நம் கரிசலில் சுக்கான் கல்லுக்கு என்ன பஞ்சம், அந்தக் கால்சியம்தான். எடையில் பாதிக்கு மேல் யுரேனியம், அண்ணே. வாசனை கிடையாது, ருசி கிடையாது, கொதிக்க வைத்தால் போகாது.

கதிர்வீச்சு என்றதும் எல்லாரும் அதைத்தான் பயப்படுவார்கள். அதற்கு முன்னாலேயே இது செய்வது வேறு. உடம்புக்குள் போனால் நேரே சிறுநீரகத்தைப் பிடிக்கும். நல்ல தோலில் பட்டால் கழுவிவிடலாம். சொறிந்து ரத்தம் வருகிற தோல் திறந்த கதவு. நான்தான் தாராளமாகப் பூசச் சொன்னேன்.

பிள்ளையை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய், என்ன பூசினீர்கள் என்பதைச் சொல்லு. என் பெயரைச் சொல்லு, இந்தக் கடிதத்தைக் காட்டு. நான் உடனே கிளம்பியிருப்பேன். இங்கே என்னை விசாரிக்கிறார்கள், என் சிறுநீரையும் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள், அது முடியாமல் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு. பதில் எழுது. ஒரு வரி போதும்.

செல்வி

*

சின்னமல்லன்குளம்,
12 ஜூலை 2024

செல்விக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை வாசித்தேன். மூன்று வாரத்தில் கந்தகம் யுரேனியம் ஆகிவிட்டதா? இன்னும் மூன்று வாரம் போனால் தங்கம் என்று எழுதுவாயோ என்னவோ.

நீ பார்க்காமல் எழுதினேன் என்கிறாய். சரி, இதைப் பார்த்துத்தான் எழுதினாய் என்று நான் எப்படி நம்புவது? கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அண்ணன்காரன் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டான் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் நீ வீட்டை விட்டுப் போனாய். பெண் வீட்டார் முன்னால் அப்பாவும் நானும் எப்படி நின்றோம் என்று உனக்குத் தெரியாது. வேலுத்தாய் வீட்டார் நல்லவர்கள், அதனால் கல்யாணம் நடந்தது. அம்மா செத்ததைச் சொல்லாதே என்று சொன்னது அப்பா. நான் மீறவில்லை. அது தப்பு என்றால் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக என் கிணற்றில் விஷம் இருக்கிறது என்று எழுதுவாயா? இந்தத் தாள் வெளியே போனால் நாளைக்கே அதிகாரிகள் வந்து கம்பி வேலி போடுவார்கள். அப்புறம் நான் எங்கே போய் நிற்பது?

பிள்ளைக்குச் சிரங்கு ஆறிவிட்டது. ஜூன் இருபதிலிருந்து வேலுத்தாய் சாயங்காலம் தோறும் குளிப்பாட்டி, உடம்பு முழுக்கப் பூசினாள். பத்தே நாளில் காய்ந்து பொருக்கு உதிர ஆரம்பித்தது. உன் பேரைச் சொல்லி வாழ்த்தினாள், “இதுக்குத்தான் படிச்சவிய வேணுங்கது” என்று. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிள்ளைக்கு நாலைந்து நாளாகக் காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கிறது. கண் திறக்க முடியவில்லை. கோவில்பட்டியில் பிள்ளைகள் டாக்டரிடம் காட்டினோம். சிரங்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கிருமியால் சிறுநீரகத்தில் நீர் கோத்து இப்படி வருவது சகஜம்தான், சரியாகிவிடும் என்றார். உப்பில்லாமல் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?

நாட்டு மருந்து ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். யார்தான் ஆமாம் என்பார்கள்? ஆமாம் என்றால் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவார், “அப்போ அவங்கிட்டயே போ” என்று சீட்டைத் தூக்கி எறிவார். போன வருஷம் வெள்ளைத்தாய் பேரனுக்கு அப்படித்தான் செய்தார்.

எண்ணெய் முந்தாநாளோடு தீர்ந்துவிட்டது. அதனால் பூசவில்லை. உன் பேச்சைக் கேட்டு நிறுத்தினேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

வன்னியபெருமாள்

*

கோவில்பட்டி,
17 ஜூலை 2024

அண்ணே,

ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். ஜன்னலைத் திறந்தால் நீ மாடி வராந்தாவில் நிற்பது தெரிகிறது. இவ்வளவு தூரம்தான் நமக்குள். ஆனாலும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. வார்டு கூட்டுகிற சொர்ணத்தாய் அக்கா இதைக் கொண்டுவந்து தருவார். பாவம், நான் அழுததைப் பார்த்து ஒத்துக்கொண்டார். அவரைத் திட்டாதே.

நேற்று விசாரணை முடிந்ததும் ராத்திரி ரயிலைப் பிடித்தேன். ஊருக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. பிள்ளையை இங்கே சேர்த்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் வார்டு வாசலுக்கு வந்ததும் கையை விரித்து மறித்தாய். என் மருமகளை முதல் தடவையாக உன் அக்குளுக்குக் கீழே எட்டித்தான் பார்த்தேன். முகம் உப்பி, அம்மா ஜாடை எல்லாம் அந்த வீக்கத்துக்குள் போயிருந்தது.

அதனால்தான் நேரே டாக்டர் அறைக்குப் போனேன். முழுக்கச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை அண்ணே, பொறுமையாகக் கேட்டார். “நீங்க யாரு?” என்றார். அத்தை என்றேன். “பிள்ளையை எப்பக் கடைசியா பாத்தீங்க?” என்றார். இன்றைக்குத்தான் முதல் தடவை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் பார்வையே மாறிவிட்டது. இருந்தாலும் உன்னைக் கூப்பிட்டுவிட்டார். என் முன்னாலேயே கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “ஒன்னும் பூசலை சார். இவ சொத்துத் தகராறுல என்னமோ சொல்லுதா” என்றாய். மதினி சுவரோரம் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். 

எந்தச் சொத்தை அண்ணே நான் கேட்டேன்? வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இப்போதே போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார். மேலக்காட்டை உன் விருப்பம் போல எழுதிக்கொள்.

டாக்டர் சொல்வதும் பொய்யில்லை. சிரங்குக்குப் பிறகு அப்படி ஒரு வீக்கம் வருவது உண்மைதான். அதுதான் எனக்குப் பயம். ரெண்டுக்கும் முகம் ஒன்று. அவர் அந்த வியாதிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, சரியாகிவிடும் என்று காத்திருப்பார். கல்லிலேயே இப்படி உண்டு. ஒரே சரக்கு, ஒரே அளவு, ஒரே மஞ்சள், உள்ளே அடுக்கு மட்டும் வேறே. கண்ணால் பார்த்து ஒருவரும் பிரிக்க முடியாது. உள்ளே என்ன போயிருக்கிறது என்று சொன்னால்தான் டாக்டருக்குத் தேடத் தெரியும். பிள்ளையின் சிறுநீரில் ஒரு குப்பி எடுத்து நான் சொல்கிற இடத்துக்கு அனுப்பினால் ரெண்டே நாளில் தெரிந்துவிடும். நான் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள், தகப்பன் ஒத்துக்கொள்ள வேண்டுமாம்.

நீ பொய் சொன்னதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டாய், இப்போது ஆமாம் என்றால் வார்டே சிரிக்கும் என்று பயப்படுகிறாய். அதுவும் நான் சொல்லி நீ ஒத்துக்கொள்வதா என்று நினைக்கிறாய். எனக்குத் தெரியும், எனக்கும் அதே புத்திதான். அந்தப் புத்தியால்தான் பொட்டலத்தைப் பிரிக்காமல் எறிந்தேன்.

உன் காலில் விழுகிறேன். டாக்டரிடம் போய்ச் சொல்லு.

செல்வி

*

18 ஜூலை, மத்தியானம்

செல்விக்கு,

சொர்ணத்தாயிடம் இனிமேல் எதுவும் கொடுத்துவிடாதே. நீ கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாளைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு வேண்டாம்.

நான் சொன்னது சொன்னதுதான். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்காதே, வேலுத்தாய் அழுகிறாள். ஊருக்குப் போ.

நேற்று சாயங்காலத்திலிருந்து பிள்ளை ஒன்னுக்குப் போகவில்லை. ஊசி போட்டும் வரவில்லை. தண்ணி கேட்டு அழுகிறாள், கொடுக்கக்கூடாது என்கிறார்கள். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வன்னியபெருமாள்

*

18 ஜூலை, மத்தியானம் மூன்று மணி

அண்ணே,

இதோடு இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம். யாரிடமும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தாளை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடு. அவ்வளவுதான். அவர் வாசித்தால் புரிந்துகொள்வார்.

நான் கொடுத்தால் குப்பையில் போடுவார். நீ கொடுத்தால் அதுவே பதில்.

ஒன்னுக்குப் போகாமல் ஒரு நாள் ஆகப்போகிறது. இனிமேல் எனக்கு எழுதி நேரத்தைக் கடத்தாதே. எழுந்து நட.

செல்வி

(உள்ளே இருந்த தாள்)

டாக்டர் அவர்களுக்கு. வள்ளிமயில், எட்டு வயது. ஜூன் 20 முதல் ஜூலை 10 வரை, தினம் ஒரு தடவை, புண்ணான தோலில் உடம்பு முழுக்க, தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சள் கல் பொடி பூசப்பட்டது. கல் வீட்டு அம்மியில் நுணுக்கப்பட்டதால் பொடி மூச்சிலும் போயிருக்கலாம். அதே கல் உள்ள கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளை மே மாதத்திலிருந்து குடித்திருக்கிறாள். கல் யுரேனோஃபேன், நீரேறிய கால்சியம் யுரேனைல் சிலிக்கேட், எடையில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து சதவீதம் யுரேனியம். ஆய்வுக்கூட அறிக்கை இதன் பின்னால். இது சிரங்குக்குப் பின் வரும் நெஃப்ரைட்டிஸாக இல்லாமல், யுரேனிய நஞ்சால் வந்த சிறுநீரகப் பாதிப்பாக இருக்கலாம். டயாலிஸிஸ் வசதி உள்ள இடத்துக்கு உடனே அனுப்பும்படி கெஞ்சிக் கேட்கிறேன். கந்தகம் என்று தவறாக எழுதிக் கொடுத்து இதைப் பூசச் சொன்னவள் நான். பெற்றோர் என்னை நம்பித்தான் செய்தார்கள்.

இசக்கிச்செல்வி, கனிம ஆய்வாளர்

*

திருநெல்வேலி,
11 ஆகஸ்ட் 2024

செல்விக்கு,

அன்றைக்குத் தாளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வரத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. டாக்டர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. “மூணு நாளா உங்கிட்டக் கேட்டேனேய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு, தானே ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை.

பாதி வழியிலேயே பிள்ளைக்கு ஜன்னி வந்துவிட்டது. இங்கே வந்ததும் மிஷினில் போட்டார்கள். நீ சொன்ன இடத்துக்குச் சிறுநீர் அனுப்பவே வழியில்லை, அதுதான் வரவில்லையே. ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். நீ எழுதினது சரி என்று வந்தது. இப்போது உனக்குச் சந்தோஷமா என்று கேட்டு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ரெண்டு சங்கு அளவுக்கு ஒன்னுக்குப் போனாள். வார்டில் இருந்த பொம்பளையாட்கள் எல்லாம் குலவை போட்டார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது வாரத்துக்கு ரெண்டு தடவைதான் மிஷின். மூன்று மாசம் போனால்தான் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று சொல்ல முடியுமாம். முழுக்கத் திரும்பாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அதை வேலுத்தாயிடம் நான் சொல்லவில்லை.

கிணற்றுக்கு ஆட்கள் வந்து மூடி சீல் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

அம்மா முகத்தை உனக்குக் காட்டாமல் விட்டது நான் செய்தது. இது நீ செய்தது. ரெண்டையும் எதிரெதிரே வைத்து நேர் பண்ணிவிடலாமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். நேர் ஆகவில்லை. உன்னை மன்னிக்கிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை, வரும் என்றும் சொல்லமாட்டேன். அதற்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்துவிடாதே.

ஆனால் நீ வர வேண்டும். வேலுத்தாய்க்காக.

தங்கச்சி பார்க்காமல் எழுதிவிட்டாள், தப்பு அவள் மேல் என்று அவளிடம் தினமும் சொல்கிறேன். நம்பமாட்டேன் என்கிறாள். “படிச்சவிய அப்படி எழுதுவாவளா? எம் மனசு ஆறட்டும்னு நீங்க கதை சொல்லுதீய. நாந்தான் சீக்கிரம் ஆறட்டும்னு ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டி தேச்சேன். அவ எரியுதும்மா எரியுதும்மான்னு கத்தினா, நான் தொடையில ரெண்டு அடி போட்டுட்டுத் தேச்சேன்” என்கிறாள். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவளுக்கு நான் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் இல்லையா, அதையும் அவளே சொல்லிவிட்டாள். சாப்பாட்டைக் கையால் எடுப்பதில்லை. கரண்டியால் தின்கிறாள். குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. கொஞ்சம் விட்டால் மறுபடியும் எழுந்து போகிறாள்.

நீ வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, உன் வாயால் சொல்லு. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை என்று சொல்லு. எதற்காகப் பிரிக்கவில்லை என்பதையும் சொல்லு. அவள் உன்னை அடித்தால் வாங்கிக்கொள். அடிக்கட்டும், நல்லதுதான், அந்தக் கை எதையாவது தொடட்டும்.

பிள்ளை ராத்திரி முழித்து அம்மா என்று கையை நீட்டுகிறாள். இவள் கட்டிலுக்கு ரெண்டடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நான்தான் தூக்குகிறேன். இருபத்திமூன்று நாள் ஆச்சு, செல்வி. அவள் பிள்ளையைத் தொடவே இல்லை.

வன்னியபெருமாள்